நிலைபேறு என்பது யாது? – ஜெஃப் பெக்கின் இசைப்பதிவுகளை முன்வைத்து ஒரு சிந்தனை

'அவர் அன்று கண்டபடியே இன்றும் இருக்கிறார்' என்று ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். அது பெரும்பாலும் புகழுரையாகவே சொல்லப்படுகிறது. 'அவர் முன்போல் இல்லை. மாறிவிட்டார்' என்று வேறொருவரைப் பற்றிச் சொல்கிறோம். அது பெரும்பாலும் குறைகூறலாகவே ஒலிக்கிறது. ஆனால் அதே நாவினால், இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதியதையே இன்றும் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளனை வளர்ச்சியற்றவன் என்று ஒதுக்குகிறோம். தந்தை காட்டிய தொழிலை விட்டுப் புதுத்துறையில் புகுந்து வென்றவனை முன்னேறியவன் என்று மெச்சுகிறோம். ஓரிடத்தில் இரண்டகம் எனப்படுவது மற்றோரிடத்தில் வளர்ச்சி எனப்படுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய நம்மிடம் அளவுகோல் ஒன்று உண்டா? உண்டெனில் அது யாது? இதுவே இக்கட்டுரையின் வினா.

இத்தகைய வினாவை நம்மவரை வைத்து ஆராயப் புகுந்தால் விருப்பு வெறுப்புகள் குறுக்கே வந்து நிற்கும். நம் வீட்டுப் பிள்ளையின் மாற்றத்தை நாம் நடுநிலையோடு நோக்குவதரிது. ஆதலின் நமக்கு உறவோ பகையோ இல்லாத, தொலைநாட்டுக் கலைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஆங்கில நாட்டு மின்கிதார்க் கலைஞர் ஜெஃப் பெக். 1944ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் வாலிங்டன் என்னும் ஊரில் பிறந்து, 2023ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், தம் 78ஆம் வயதில் மறைந்தவர். ஏறத்தாழ அறுபதாண்டுக் காலம் இசைத்தட்டுகளில் வாசித்தவர். எட்டு கிராமி விருதுகளைப் பெற்றவர். ஒரு பாணியில் நிலைத்து நில்லாதவர் என்னும் பெயரையும் பெற்றவர். நம் வினாவுக்கு இவரினும் பொருத்தமான சான்று கிட்டுவதரிது.

அலுவலகத்தில் ஓர் ஊழியரின் பணிப்பதிவேட்டைப் புரட்டினால் எந்த ஆண்டு எங்கே இருந்தார், எந்தப் பிரிவில் பணியாற்றினார் என்பன வரிசையாகத் தெரியும். பெக்கின் இசைத்தட்டுகளை அவ்வாறு வரிசைப்படுத்திப் பார்ப்போம். 1965இல் 'யார்ட்பேர்ட்ஸ்' என்னும் குழுவில் எரிக் கிளாப்டன் விலகிய இடத்தில் இவர் சேர்ந்தார். அடுத்த ஆண்டின் இறுதியில் விலகினார். 1968இல் தம் பெயரிலேயே 'ட்ரூத்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். ராட் ஸ்டூவர்ட் பாட, ரான் வுட் பேஸ் கிதார் வாசித்தார். அது புளூஸ் இசையை ஓங்கிய மின்னொலியில் முழக்கிய தொகுப்பு. அடுத்த ஆண்டே 'பெக்-ஓலா' வந்தது. அத்துடன் அக்குழு கலைந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் வேறிரு குழுக்கள் அமைந்து மறைந்தன. 1975இல் 'ப்ளோ பை ப்ளோ' வெளிவந்தது. அதில் பாடகரே இல்லை. பீட்டில்ஸ் குழுவின் இசைத்தட்டுகளை உருவாக்கிய ஜார்ஜ் மார்ட்டின் அதனைத் தயாரித்தார். ராக் இசையும் ஜாஸ் இசையும் கலந்த அத்தொகுப்பு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. 1976இல் 'வயர்டு', அதில் ஜாஸ் மேதை சார்ல்ஸ் மிங்கஸின் படைப்பொன்றை வாசித்தார். 1985இல் பாட்டுகள் நிறைந்த 'ஃப்ளாஷ்'. 1989இல் மூவர் மட்டுமே இசைத்த 'கிட்டார் ஷாப்'. 1993இல் ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் இசையை அப்படியே மீட்டுத் தந்த 'கிரேஸி லெக்ஸ்'. 1999இல் கணிப்பொறித் தாளங்களோடு கூடிய 'ஹூ எல்ஸ்!'. 2010இல் பெரிய வாத்தியக் குழுவுடன் இத்தாலிய இசைநாடகப் பாடலையும் வாசித்த 'எமோஷன் அண்ட் கமோஷன்'. 2016இல் இளம்பெண் கலைஞர் இருவரோடு சேர்ந்து படைத்த 'லவுட் ஹெய்லர்'. 2022இல் நடிகர் ஜானி டெப்புடன் '18'.

இப்பதிவேட்டைக் காணும் எவரும் ஒரு குற்றச்சாட்டை எளிதில் எழுப்பலாம். அதனை வலுக்குறையாமல் எடுத்துரைப்பதே முறை. 'இவருக்கென ஒரு வழி இல்லை. புளூஸ் கேட்க வந்தவனுக்கு ஜாஸ் வைத்தார். ஜாஸைச் சுவைக்கத் தொடங்கியவனைக் கணிப்பொறியின் ஓசைக்குள் தள்ளினார். தம்மை நம்பிக் கூடிய தோழர்களையும் நட்டாற்றில் விட்டார். ஒரு குழுவும் ஓரிரு தொகுப்புகளைத் தாண்டி நிலைக்கவில்லை. 1969இல் வுட்ஸ்டாக் பெருவிழாவில் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்த குழு, விழாவிற்குச் சற்று முன்பே உடைந்தது. எதிலும் நிலையாதவர் எதற்கு உண்மையானவர்?' என்பதே அக்குற்றச்சாட்டு. இது புறந்தள்ளத்தக்கதன்று. நிலையின்மை ஒருவர்க்குத் தீங்கு செய்யாவிடினும் அவரைச் சார்ந்தோர்க்குத் தீங்கு செய்யக்கூடும் என்னும் உண்மை அதில் அடங்கியிருக்கிறது.

இதற்கு விடை காணுமுன், அவர் எதனை விட்டு விலகினார் என்று குற்றம் சாட்டப்படுகிறதோ அதன் வரலாற்றைச் சிறிது காண வேண்டும். புளூஸ் என்பது அமெரிக்காவின் தென்மாநிலங்களில், அடிமைத்தளையினின்று விடுபட்டும் வறுமைத்தளையினின்று விடுபடாத கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தித் தோட்டங்களில், மின்சாரத்தின் உதவியில்லா எளிய கிதாருடன் அது பாடப்பட்டது. மடி வாட்டர்ஸ் என்னும் பெரும் பாடகர் அத்தகைய தோட்டமொன்றில் டிராக்டர் ஓட்டியவர். 1941இல் நாட்டுப்புற இசை ஆய்வாளர் ஆலன் லோமக்ஸ் அவர் பாட்டை அத்தோட்டத்திலேயே பதிவு செய்தார். 1943இல் அவர் பிழைப்பு நாடிச் சிகாகோ நகருக்குக் குடிபெயர்ந்தார். அந்நகரின் இரைச்சல் மிக்க மதுக்கூடங்களில் பழைய கிதாரின் மெல்லொலி எவர் செவியிலும் விழவில்லை. ஆதலின் அவர் மின்கிதாரைக் கையிலெடுத்தார். இன்று உலகம் 'சிகாகோ புளூஸ்' என்று போற்றும் இசை, குடிபெயர்ந்தவர் ஒருவரின் தேவையிலிருந்தும் அவரைப் போன்றோர் பலரின் தேவையிலிருந்தும் பிறந்ததாகும்.

1958இல் மடி வாட்டர்ஸ் இங்கிலாந்து சென்றபோது, தோட்டத்துப் பாடகரின் எளிய இசையை எதிர்பார்த்து வந்த சிலர் அவருடைய மின்கிதாரின் முழக்கத்தைக் கேட்டு முகம் சுளித்தனர். 'இது தூய புளூஸ் ஆகுமா?' என்று ஐயுற்றனர். அவரும் அதனை மனத்திற்கொண்டு, 1963இல் மீண்டும் சென்றபோது பழைய மரக்கிதாரோடு சென்றார். அதற்குள் இளைஞர்களின் சுவை மாறிவிட்டிருந்தது. இப்போது அவர்கள் மின்கிதாரையே எதிர்பார்த்து ஏமாந்தனர்! இந்நிகழ்ச்சி நகைப்பிற்குரியதாகத் தோன்றினும் ஆழ்ந்த பாடம் ஒன்றைத் தருகிறது. தூய்மை என்று கேட்போர் கருதியது, கேட்போர் தம் உள்ளத்தில் வரைந்துகொண்ட ஓவியமேயாகும். அவ்வோவியம் ஐந்தாண்டுகளில் அவர்களிடமே மாறிவிட்டது. மிசிசிப்பியில் பிறந்து வளர்ந்தவரிடம் போய்ப் புளூஸ் எது என்று இலண்டன் மாநகரத்தார் கற்பிக்கப் புகுந்ததும் அவ்வோவியத்தின் வலிமையினாலேயே.

எனவே, பெக் புளூஸை விட்டு மாறினார் என்று சொல்வோர், புளூஸ் தானே மாறி மாறி வந்த ஒன்று என்பதை மறக்கின்றனர். மொழியிலும் பழையது கழிவதும் புதியது புகுவதும் வழுவல்ல என்று நம் இலக்கண நூலார் ஒப்புக்கொண்டுள்ளனர். உயிருள்ளவற்றிற்கெல்லாம் இஃது இயல்பு. ஆனால் இவ்விடை பாதி விடையே. 'எல்லாம் மாறுகிறது, ஆகவே எவ்வாறு மாறினாலும் குற்றமில்லை' என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட இயலாது. ஆறு மாறிக்கொண்டே இருக்கிறது என்பதனால் சாக்கடையும் ஆறாகிவிடாதன்றோ?

பெக்கின் பதிவுகளில் மாறாதது ஏதேனும் உண்டா என்று அடுத்து நோக்குவோம். அவருடைய எந்தக் காலத்துத் தொகுப்பைக் கேட்டாலும், சில நொடிகளில் 'இவர் இவரே' என்று பழகிய செவி கண்டுகொள்கிறது. அதற்குக் காரணம் அவர் வாசித்த இசைவகையில் இல்லை. அவர் விரல்களில் இருக்கிறது. எண்பதுகளில் அவர் நரம்பை மீட்டும் சிறு தகட்டைக் கைவிட்டுப் பெருவிரலாலும் பிற விரல்களாலுமே மீட்டத் தொடங்கினார். சுண்டுவிரல் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழின்மேல் இருக்கும். ஒலி இன்மையிலிருந்து எழுந்து இன்மையில் சென்று மறையும். கிதாரில் பொருத்தப்பட்ட அசைவுக் கைப்பிடியை மெல்ல அழுத்தியும் தளர்த்தியும் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்கு வழுக்கிச் செல்வார். கர்நாடக இசை கேட்டுப் பழகிய நம் போன்றோர் இதனைக் கமகம் என்றே சொல்லிவிடுவோம். தம் தொகுப்புகளில் மிகச் சிலவற்றிலேயே வாய்திறந்து பாடிய அவர், கிதாரைப் பாடவைப்பதையே வாழ்நாள் முழுதும் முயன்றார். 1967இல் அவரே பாடி வெளியிட்ட 'ஹை ஹோ சில்வர் லைனிங்' என்னும் பாட்டு இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்றும், அதனை அவர் விரும்பவில்லை. புகழ் வந்த வழியிலேயே தொடர்ந்து நடந்திருந்தால் அவருக்குப் பொருள் மிகக் கிடைத்திருக்கும். அவர் தம் குரல் எது என்பதை அறிந்திருந்தார். அது தொண்டையில் இல்லை.

குரலைத் தேடிய அத்தேட்டமே அவரைப் பல நாட்டு இசைகளிடம் அழைத்துச் சென்றது. 1989ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள 'வேர் வேர் யூ' என்னும் படைப்பு, பல்கேரிய நாட்டுப் பெண்களின் குழுப்பாடலைக் கேட்டதன் விளைவு. 2001இல் வெளிவந்த 'யூ ஹேட் இட் கமிங்' தொகுப்பில் 'நாடியா' என்றொரு படைப்பு உள்ளது. அது இந்தியப் பெற்றோர்க்கு இங்கிலாந்தில் பிறந்த இசையமைப்பாளர் நிதின் சாஹ்னி இயற்றியது. 1999இல் வெளிவந்த அதன் மூலவடிவைச் சுவாதி நடேகர் பாடியிருந்தார். இந்துஸ்தானி இசையின் வளைவுகளும் நெளிவுகளும் நிறைந்த அக்குரலைப் பெக் தம் கிதாரில் சொல்லுக்குச் சொல் பின்தொடர்ந்தார். அதைக் கேட்கும்போது, மேலைநாட்டார் ஒருவர் நம் நாட்டு இசையை அணிகலனாகப் பூண்டுகொண்டார் என்னும் எண்ணம் எழுவதில்லை. மாணவன் ஒருவன் ஆசிரியரின் குரலைக் கூர்ந்து கேட்டுத் தானும் பாட முயல்கிறான் என்றே தோன்றுகிறது.

இதனோடு 1965ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். 'ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்' என்னும் பாட்டைப் பதிவு செய்ய, யார்ட்பேர்ட்ஸ் குழுவினர் இந்தியச் சிதார்க் கலைஞர் ஒருவரையும் தபேலாக் கலைஞர் ஒருவரையும் இலண்டன் ஒலிப்பதிவுக் கூடத்திற்கு வரவழைத்தனர். சிதாரின் ஒலி அப்பாட்டிற்கு வலிமை போதாது என்று கருதப்பட்டது. அப்போது பெக் தம் மின்கிதாரிலேயே சிதாரைப் போன்ற ஒலியை எழுப்பிக் காட்டினார். அதுவே இசைத்தட்டில் இடம்பெற்றது. இளைஞரின் கூர்மதி வியப்பிற்குரியதே. எனினும், 1965இல் ஒரு சிதாரின் ஓசை மட்டும் அவருக்குத் தேவைப்பட்டது; 2001இல் ஓர் இசையின் உயிர்ப்பை அறிய அவர் உழைத்தார். இரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவே அவருடைய வளர்ச்சி. ஓசையை எடுத்துக்கொள்வது எளிது. ஓசை எங்கிருந்து வருகிறதோ அவ்விடத்திற்குப் பணிந்து செல்வது அரிது.

மாற்றங்கள் எல்லாம் ஒரு தரத்தன அல்ல என்பதற்கும் அவர் பதிவுகளே சான்று. 1985ஆம் ஆண்டின் 'ஃப்ளாஷ்' அக்காலச் சந்தையின் விருப்பத்தை ஒட்டி அமைந்த தொகுப்பு. பாட்டுகளே வேண்டும் என்னும் ஒலிப்பதிவு நிறுவனத்தின் நோக்கம் அதில் மேலோங்கியிருந்தது. அது அவருக்கு நிறைவளிக்கவில்லை. பிற்காலத்தில் அதனை அவர் உயர்த்திப் பேசவுமில்லை. நான்காண்டுகள் கழித்து வந்த 'கிட்டார் ஷாப்' தொகுப்பும் மாற்றமே. ஆனால் அம்மாற்றத்தை வேண்டியது அவருடைய சொந்தச் செவி. புறத்தே நோக்கினால் இரண்டும் மாற்றங்கள். இரண்டும் கிராமி விருதை ஈட்டித் தந்தன. ஆயினும் ஒன்றில் மனிதர் வளைந்தார், மற்றொன்றில் வளர்ந்தார். எனவே 'மாறினாரா?' என்பதினும் 'யார் கேட்டு மாறினார்?' என்பதே முதன்மையான கேள்வியாகிறது.

அடுத்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கடனைப் பற்றிய கேள்வி. அறநோக்கில் இதுவே மிக இன்றியமையாதது என்பது நம் கருத்து. 'ட்ரூத்' என்னும் சொல்லுக்கு உண்மை என்பது பொருள். உண்மை என்று பெயரிடப்பட்ட அத்தொகுப்பில் புளூஸ் ஆசிரியர் வில்லி டிக்சனின் பாட்டுகள் அவர் பெயருடனேயே இடம்பெற்றன. ஆனால் வேறு மூன்று பாட்டுகளை இயற்றியவர் 'ஜெஃப்ரி ராட்' என்று குறிக்கப்பட்டது. அது ஜெஃப் பெக், ராட் ஸ்டூவர்ட் இருவரும் சேர்ந்து சூட்டிக்கொண்ட புனைபெயர். அம்மூன்றும் பட்டி கை, பி.பி. கிங் ஆகிய கறுப்பினக் கலைஞர்கள் முன்பே பாடிய பாட்டுகளின் மறுவடிவங்கள். 'அக்காலத்தில் பலரும் அவ்வாறே செய்தனர்' என்பது விளக்கமாகலாம், நியாயமாகாது. புளூஸ் மரபில் ஒருவர் பாட்டை மற்றொருவர் எடுத்துப் பாடுதல் வழக்கமே என்பதும் மெய்தான். ஆனால் ஏழைகள் தமக்குள் கைமாற்றாகக் கொடுத்து வாங்குவது வேறு. பெரிய நிறுவனத்தின் இசைத்தட்டில் பெயரை மாற்றிப் பதிந்து அதன் உரிமைப் பணத்தைப் பெறுவது வேறு. மிசிசிப்பியில் பிறந்த வில்லி டிக்சன், இத்தகைய நிலையால் உரிமையிழந்த கலைஞர்களுக்கு உதவவென்றே 'புளூஸ் ஹெவன்' என்னும் அறக்கட்டளையைப் பிற்காலத்தில் நிறுவினார் என்பதை நினைத்தால், இது வெறும் பெயர்க்குறிப்பைப் பற்றிய சிறு வழக்கன்று என்பது விளங்கும்.

பெக்கின் வாழ்க்கை இவ்விடத்திலேயே நின்றிருந்தால் அவரை நாம் சான்றாகக் கொண்டிருக்கமாட்டோம். 1991இல் பட்டி கை 'டேம் ரைட், ஐவ் காட் த புளூஸ்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். பல ஆண்டுகளாகப் பெரிய நிறுவனங்களின் ஆதரவின்றி இருந்த அக்கலைஞருக்கு மீண்டும் உலகப்புகழை ஈட்டித் தந்தது அத்தொகுப்பு. அதில் துணைநின்று வாசித்தவர்களுள் பெக் ஒருவர். 1993இல் பாடகர் பால் ராட்ஜர்ஸ், மடி வாட்டர்ஸுக்குக் காணிக்கையாக உருவாக்கிய தொகுப்பிலும் அவர் வாசித்தார். அதே ஆண்டில் அவர் செய்த மற்றொரு செயல் இன்னும் சிந்திக்கத்தக்கது. ஐம்பதுகளில் ஜீன் வின்சென்ட் என்னும் பாடகரின் குழுவில் வாசித்த கிளிஃப் கேலப் என்பவரே சிறுவன் பெக்கின் முதல் ஆசான். நேரில் கற்பித்தவர் அல்லர், இசைத்தட்டின் வழியாகக் கற்பித்தவர். உலகின் தலைசிறந்த கிதார்க் கலைஞர்களுள் ஒருவராக எண்ணப்பட்டபின், தம் 49ஆம் வயதில், பெக் ஒரு தொகுப்பு முழுவதிலும் கேலப்பின் வாசிப்பைச் சுரம் பிசகாமல் திரும்ப வாசித்தார். அதுவே 'கிரேஸி லெக்ஸ்'. அதில் தம் சொந்தக் கைவண்ணத்தைக் காட்ட அவர் முயலவில்லை. சந்தை அதனைக் கேட்கவுமில்லை. ஒவ்வொரு தொகுப்பிலும் புதியவராக வந்தவர், ஒரு தொகுப்பில் தம் பெயரைப் பின்னே நிறுத்தி ஆசானின் பெயரை முன்னே நிறுத்தினார்.

இங்கேதான் நம் அளவுகோல் புலப்படுகிறது. பெக் நினைத்தவுடன் கேலப்பாக மாறமுடிந்தது; ஏனெனில் அவர் கேலப்பை முழுதும் கற்றிருந்தார். கற்றவர் விலகிச் செல்வது மாற்றம். கல்லாதவர் விலகிச் செல்வது இழப்பு. திரும்பி வரத் தெரிந்தவனுடைய பயணத்தைத்தான் பயணம் என்கிறோம். வழி மறந்தவனுடைய நடையை அவ்வாறு சொல்வதில்லை. எனவே மாற்றத்தை இரண்டகத்தினின்று பிரித்துக் காட்டுவன மூன்று: விட்டுச் செல்வதை முன்னரே கற்றிருத்தல், பிறர் ஆணையாலன்றித் தன் தேவையால் மாறுதல், பெற்ற கடனைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளுதல்.

இவ்வளவு சொன்னபின்னும், தோழர்களைப் பற்றிய குற்றச்சாட்டு எஞ்சி நிற்கிறது. அதனை மழுப்புதல் கூடாது. கலைக்கு உண்மையாக இருந்தவர் உடனிருந்தவர்க்கு உண்மையாக இருந்தாரா? ராட் ஸ்டூவர்ட்டும் ரான் வுட்டும் வேறு குழுவிற் சேர்ந்து பெரும்புகழ் அடைந்தனர்; ஆதலின் அவர்கள் கெட்டொழிந்தனர் எனல் இயலாது. 1985இல் கர்ட்டிஸ் மேஃபீல்டின் 'பீப்பிள் கெட் ரெடி' என்னும் பாட்டில் பெக்கும் ஸ்டூவர்ட்டும் மீண்டும் கூடினர். 'ஃப்ளாஷ்' தொகுப்பில் இன்றும் கேட்கத்தக்கதாக நிற்பது அதுவே எனலாம். எனினும், பிரிந்தவர் பின்னர்க் கூடினர் என்பதனால் பிரிவின் துயர் இல்லாமற் போய்விடாது. மாற்றத்திற்கு விலை உண்டு. அவ்விலையை மாறுபவர் மட்டும் தருவதில்லை. பக்கத்தில் நிற்பவரும் தருகிறார். இதனை அறிந்து மாறுபவரே பொறுப்புடையவர். பெக் எல்லா வேளையிலும் இதனை அறிந்திருந்தார் என்று நாம் வாதிடவில்லை.

இனி நம்மைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம். மாற்றல் உத்தரவு ஒன்றைக் கையிற்கொண்டு, வேற்று மொழி பேசும் நகருக்கு வந்திறங்கியவர் நாம். அல்லது அவ்வாறு வந்தவரின் மக்கள். கரோல் பாகிலோ மாட்டுங்காவிலோ குடியேறிய முதல் தலைமுறையினர், ஊரில் தாம் விட்டுவந்த தமிழ்நாட்டை நெஞ்சில் ஓவியமாகத் தீட்டி வைத்துக்கொண்டனர். ஆண்டுகள் செல்லச் செல்லத் தமிழ்நாடு மாறிற்று, ஓவியம் மாறவில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது 'இது நம் ஊரே இல்லை' என்று வருந்துகிறோம். 1958இல் மடி வாட்டர்ஸைக் கண்டு முகம் சுளித்தவர்களுக்கும் நமக்கும் அப்போது வேறுபாடு மிகுதியில்லை. அதேபோல், இங்கே பிறந்த நம் பிள்ளைகள் இந்திச் சொல்லைத் தமிழோடு கலந்து பேசும்போதும், கைபேசியில் வேற்றுநாட்டு இசையைக் கேட்கும்போதும், அவர்கள் தமிழரல்லராய்ப் போயினர் என்று அஞ்சுகிறோம்.

அவ்வச்சத்தில் ஒரு பகுதி தேவையற்றது. சிகாகோவின் மதுக்கூடத்தில் எடுத்த மின்கிதார் மடி வாட்டர்ஸின் மிசிசிப்பியைப் பறித்துவிடவில்லை. புதிய இடம் புதிய கருவியைக் கேட்கும். பிள்ளைகள் ராக் இசை கேட்பதனால் தமிழ் தேய்ந்துவிடாது. ஒருவேளை அவர்களுள் ஒருவர் நாளை நிதின் சாஹ்னியைப் போல் இரண்டு இசைகளையும் தாய்வீடாகக் கொள்ளக்கூடும்.

ஆனால் அச்சத்தின் மறுபகுதி தேவையானது. அதனை ஆறுதல் சொல்லித் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. 'காலம் மாறுகிறது, நாமும் மாறுகிறோம்' என்று சொல்லிக்கொண்டு, பிள்ளைக்குத் தமிழ் எழுத்தை அறிமுகம் செய்யாமலே விட்டுவிடும் குடும்பங்கள் நம்மிடையே பலவுண்டு. அஃது எவ்வகை மாற்றம்? மேற்சொன்ன மூன்று அளவைகளுள் முதலாவதில் அது நில்லாது. தாத்தாவின் கடிதத்தைப் படிக்கவியலாத பேரன் தமிழினின்று விலகிச் செல்கிறான் என்று எவ்வாறு சொல்வது? அவன் தமிழில் என்றுமே நின்றதில்லையே! விலகும் உரிமையைக்கூட நாம் அவனுக்குத் தரவில்லை. கேலப்பை எழுத்தெண்ணிக் கற்ற பெக்குக்கு எங்கும் செல்லும் உரிமை இருந்தது. நம் பிள்ளைக்கும் அவ்வுரிமை வேண்டுமெனில், முதலில் கற்றுக்கொடுக்கும் கடமை நம்முடையது. அதன்பின் அவர்கள் எத்திசை சென்றாலும் நாம் கலங்க வேண்டுவதில்லை. அங்கிருந்தபடியே தம் ஆசானின் பெயரைச் சொல்வர்.

அவ்வாறே, வந்து தங்கிய ஊருக்கும் நாம் பட்ட கடனுண்டு. அவ்வூரின் சோற்றை உண்டு, அதன் நிழலில் பிள்ளைகளை ஆளாக்கி, அதன் மொழியையும் கலையையும் எள்ளி நகையாடுபவர், சிதாரின் ஓசையை மட்டும் எடுத்துக்கொண்ட 1965ஆம் ஆண்டு இளைஞரை ஒத்தவர். ஓசைக்குப் பின்னால் உள்ள குரலைப் பணிவோடு கேட்கும் நிலைக்கு நாமும் வரவேண்டும். பெக்குக்கு அதற்கு முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. நமக்கு அத்துணைக் காலம் வேண்டுவதில்லை. அவர் நடந்த வழி நம் கண்முன் உள்ளது.

நிலைபேறு என்பது நின்ற இடத்திலேயே நிற்றல் என்று கொண்டால், கல்லைப்போல் நிலையானது வேறொன்றில்லை. மனிதர்க்குரிய நிலைபேறு அதுவன்று. எங்கிருந்து புறப்பட்டோம், யாரிடம் கற்றோம், யாருக்குக் கடன்பட்டோம் என்பவற்றை மறவாதிருத்தலே அது. ஜெஃப் பெக் தொடக்கத்தில் அதனை முழுதும் அறிந்தவராக இல்லை, போகப்போக அறிந்தார். அவர் இசைத்தட்டுகளை ஆண்டு வரிசையில் கேட்பவர்க்கு அவ்வறிவு வளர்ந்த கதையும் உடன் கேட்கும். அதனாலேயே, நம் மண்ணையும் மொழியையும் சாராத அக்கலைஞரை இம்மலரின் பக்கங்களில் நன்றியோடு நினைவுகூர்கிறோம்.